நான் எழுதிக் கொடுத்த பொய்ப் பட்டியல்

1

புத்தகங்களைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே என்னைக் கேட்டுவிட்டேன். பதில் கிடைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம், வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். கல்லூரியை, அந்த வழியாகப் போகும் பேருந்தின் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிற ஆள். ஆகவே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே நடந்த ஒரு தவறுக்கு நான்தான் காரணம். அதை வேறு யாராவது எழுதினால் என்னை அப்பாவியாகவோ முட்டாளாகவோ காட்டிவிடுவார்கள். இரண்டும் முழு உண்மை இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கு வந்து இந்தப் பிப்ரவரியோடு இருபத்தொரு வருடம். வடக்கே ஒரு சின்ன நகரம். பெயரை எழுதவில்லை. என் கணவர் ரவி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நான் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் தட்டுகளில் சீட்டு வைப்பது என் பொறுப்பு. இவருக்கு உப்பில்லாதது, அவருக்கு அரைத்தது, இன்னொருவருக்குக் கடலை ஆகாது. ஒரு சீட்டு மாறினால் ஆபத்து. அதனால் எதையும் இரண்டு தரம் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பழக்கம் என்று நான் சொல்கிறேன். சந்தேகப் புத்தி என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வந்த புதிதில் வாயைத் திறக்கவே பயம். உடன் வேலை செய்த பெண்ணிடம் "உன் வேலையை முடித்துத் தருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லப் போய், "உன்னை முடித்துவிடுகிறேன்" என்று பொருள் வரும்படி சொல்லிவிட்டேன். அவள் ஒரு வாரம் எனக்கு முதுகைக் காட்டி நிற்கவே இல்லை. அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பேசாத நேரத்துக்கு ஏதாவது வேண்டுமே. அப்படித்தான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

2

நூலகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்குப் போகிற வழியில், வேற்றுமொழிப் புத்தகங்கள் இருந்தன. தமிழுக்கு மூன்று தட்டுகள். நூற்று எழுபது புத்தகங்களுக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணுவேன்.

அவற்றை யார் வாங்கிப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நல்ல நாவலுக்குப் பக்கத்தில் வாஸ்து இருக்கும். அதற்குப் பக்கத்தில் சர்க்கரை நோய்க்காரர் உணவுமுறை. அதற்கும் பக்கத்தில், யாரோ ஒரு பெரிய மனிதரின் மணிவிழா மலர். அது எப்படி இங்கிலாந்து வரைக்கும் வந்தது என்பது அந்தப் பெரிய மனிதருக்கே தெரிந்திருக்காது.

முன்பெல்லாம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இரவல் எடுக்கும்போது அதில் தேதி முத்திரை போடுவார்கள். நான் எடுத்த தேதிகள் எனக்கு நினைவிருக்கும். சில புத்தகங்களில், என் தேதிகளுக்கு நடுவில் வேறு யாருடைய தேதிகளோ இருந்தன. நான் திருப்பிக் கொடுத்த மறுவாரமே ஒருவர் எடுத்திருப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை யாரோ பின்தொடர்கிற மாதிரி இருந்தது. பிறகு இயந்திரம் வந்தது. முத்திரை நின்றது. யார் எதை எடுக்கிறார்கள் என்று இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஹெலன் என்கிற நூலகர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சுமதி" என்று கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை. அவர் ஒரு பச்சைத் தாளை நீட்டினார்.

நம் அலமாரியிலிருந்து உங்கள் வாழ்நாளிலேயே மிகவும் பிடித்த பத்துப் புத்தகங்களை எழுதுங்கள் என்று அச்சடித்திருந்தது. கீழே பத்துக் கோடுகள். அதற்கும் கீழே பெயர், அட்டை எண், பிறந்த வருடம், தாய்மொழி, கையெழுத்து.

"எதற்கு இது?" என்று கேட்டேன்.

"தமிழ் அலமாரியில் சில மாற்றங்கள் செய்யப் போகிறோம். உங்களுக்கு எதெது பிடிக்கும் என்று தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்றார். சிரிப்பை இறக்கவே இல்லை.

பிடித்ததைச் சொல்வதற்குப் பிறந்த வருடம் எதற்கு? இருபத்தொரு வருடமாகக் கேட்காதவர்கள் இப்போது ஏன் கேட்கிறார்கள்? தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

3

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

ரவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அட்டை நம்பர் எதுக்குக் கேட்கிறாங்க?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

"கையெழுத்து வேற."

"அதாங்க."

"எழுதாத. நாளைக்கு ஒண்ணுன்னா, நீதானே எழுதிக் கொடுத்தன்னு காட்டுவாங்க."

எங்கள் மகள் இனியாவுக்குப் பதினேழு வயது. சோபாவில் படுத்திருந்தவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் என்னதான் பிரச்சினை? பிடிச்ச புக் எதுன்னு லைப்ரரில கேட்கிறாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல கேட்கல."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"சரி, எனக்குச் சொல்லு. உனக்கு எந்த புக்மா பிடிக்கும்?"

அவள் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. தமிழ் பேசுவாள், கேட்டால் புரியும், படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏழு வயது வரை போனாள். பிறகு அதே நேரத்தில் நீச்சல் வந்தது. நீச்சல் நன்றாக வந்துவிட்டது. படிக்கவே தெரியாத புத்தகத்தின் பெயரைத் தெரிந்து இவள் என்ன செய்யப் போகிறாள் என்று யோசித்தேன். அடுத்த வாரம் தோழிகளோடு கடற்கரை ஊருக்கு மூன்று நாள் போக அனுமதி கேட்டாள். அப்போது விளங்கிவிட்டது.

4

என்னைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது, "கண்டுமுதல் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். அடித்துத் தூற்றி வந்த மொத்த நெல்தான் கண்டுமுதல். ஒருவரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். "ஏதோ வந்துச்சு, பதர்தான் அதிகம்" என்பார்கள். மூட்டை அடுக்கக் களத்தில் இடம் இல்லாமல் நிற்கும்போதும் அதே பதில்தான். கேட்டவரும் நம்ப மாட்டார், ஆனால் தலையாட்டிக்கொண்டு போவார். அவர் வீட்டுக் களத்திலும் பதர்தான் அதிகம்.

கண் பட்டுவிடும் என்பது சின்னக் காரணம். நிலத்துச் சொந்தக்காரரின் காரியஸ்தர் காதில் விழும் என்பதுதான் பெரிய காரணம். அப்பா இரண்டு தாக்கு வயலை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். மேலத்தாக்கு, கீழத்தாக்கு. சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். அவருக்காகக் காரியஸ்தர் ஒருவர் மொபெட்டில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வந்தால் அப்பா நேராகக் கீழத்தாக்குக்குத்தான் அழைத்துக்கொண்டு போவார். அங்கே ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாமல் நின்று, சம்பா பாதி அழுகியிருக்கும். "பாருங்க, இப்படி இருக்கு நம்ம நிலைமை" என்பார். மேலத்தாக்கின் பக்கம் கையைக்கூட நீட்ட மாட்டார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா இல்லாத நேரத்தில் காரியஸ்தர் வந்தார். வரப்பில் நின்றிருந்த என்னிடம் சிரித்துக்கொண்டே, "பாப்பா, உங்க வயல்ல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். பிடிக்கும் என்றுதான் கேட்டார். நான் மேலத்தாக்கைக் காட்டினேன். எத்தனை மூட்டை வந்தது, எங்கே அடுக்கினோம் என்பது வரை கேட்காமலேயே சொன்னேன்.

அடுத்த சாகுபடிக்கு மேலத்தாக்கு வேறொருவர் கைக்குப் போனது. எங்களுக்குக் கீழத்தாக்கு மட்டும் நின்றது. அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாதான் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "கேட்டா சொல்லிடறதா? கேட்கிறவன் எதுக்குக் கேட்கிறான்னு பார்க்க வேண்டாமா?"

நாற்பது வருடமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

5

வேலை முடிந்து வந்த ஒரு மதியம், சமையலறைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எனக்காக மட்டும் உண்மையான பட்டியலை எழுதிப் பார்த்தேன். அது அவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவே இல்லை.

முதலில், எல்லோரும் பெரிதாகப் பேசுகிற ஒரு தடித்த புத்தகத்தை எழுதினேன். எழுதிய கையோடு என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் தூங்கியிருக்கிறேன். பிடித்தது வேறு, பிடித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுவது வேறு. அடித்துவிட்டேன்.

பிறகு வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு அக்கா தங்கைகளின் கதை. பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே பாத்தியில் உப்பு வாருவார்கள். அதை நான் ஒருமுறைதான் படித்தேன். மறுபடி எடுக்கப் பயம். முதல் தடவை அழுத இடத்தில் இரண்டாம் தடவை அழுகை வராமல் போனால் என்ன செய்வது? அப்படிப் பயப்படுகிற புத்தகம் பிடித்த புத்தகமாகத்தானே இருக்க வேண்டும். எழுதினேன்.

வயிற்றுப்புண் உள்ள ஒரு துப்பறிவாளர் வருகிற கதை. அதை எழுத வெட்கமாக இருந்தது. ஆனால் ஏழு தடவை படித்திருக்கிறேன். கொலை செய்தவர் யார் என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் வேறொருவர் மேல்தான் சந்தேகப்படுகிறேன். ஐம்பது பேருக்கு அளவு போட்ட ஒரு சமையல் புத்தகம். நாங்கள் மூன்றே பேர். ஆனாலும் ஐம்பது பேருக்கு எவ்வளவு பெருங்காயம் என்று படித்தால் மனசு நிறைகிறது. இப்படிப் பத்து. பெயர்களை இங்கேயும் எழுதவில்லை. ஏன் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பச்சைத் தாளில் நான் எழுதியது வேறு. பக்கத்துப் பெருநகரத்தில் மாடி மாடியாக ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. நல்லதைத் தெரிந்துகொண்டு அங்கே கொண்டுபோய்விடுவார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அதனால் கீழத்தாக்கைக் காட்டினேன். என்றைக்கோ முடிந்துபோன ஒரு வருடத்தின் ராசிபலன். பங்குச்சந்தை வழிகாட்டி. இப்போது எங்கேயும் இல்லாத ஒரு கணினியை இயக்கும் முறை. வாஸ்து. சர்க்கரை நோய். மணிவிழா மலர். பத்துக் கோடும் நிறைந்தது. பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் பவானி அக்காவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நூலகத்துக்கு எதிரே உள்ள பல்பொருள் அங்காடியில் கல்லாவில் இருக்கிறார். எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவர். அவர் பையிலும் அதே பச்சைத் தாள்.

"என்ன, எங்கட புத்தகங்களைக் கொண்டுபோகப் போயினமோ?"

"எனக்கு அப்படித்தான் தோணுதுக்கா."

"அப்ப என்ன செய்யிறது?"

சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிவில் "சரி, பாப்பம்" என்றார்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவை நடத்தும் மீனாவிடமும் சொன்னேன். அவர் அன்றைக்கே குரல் செய்தி போட்டுவிட்டார்: "சுமதி சொல்றது நியாயமாத்தான் படுது. நல்ல புத்தகம் எதையும் யாரும் எழுதிக் கொடுத்துடாதீங்க. வேண்டாததா பார்த்து எழுதுங்க." நான் காட்டிய பட்டியலையும் படம் பிடித்து அனுப்பினார். சரி சரி என்று பதில்கள் வந்தன. இந்த ஊரில் என் பேச்சை நாலு பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

6

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து, கொஞ்சம் காய்கறி வாங்கிக்கொண்டு, நாலு மணிக்கு நூலகத்துக்குள் போனேன்.

தமிழுக்கு ஒரு தட்டுதான் இருந்தது. ராசிபலன் முகப்பைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் பங்குச்சந்தை. மற்ற இரண்டு தட்டுகளில் குழந்தைகளுக்கான பொம்மைகள். அலமாரிக்குக் கீழே தரையில் அட்டைப் பெட்டிகள், ஒரு தள்ளுவண்டி. எல்லாவற்றிலும் புத்தகங்கள். உப்பளத்துக் கதை வண்டியில் தலைகீழாகக் கிடந்தது.

ஹெலன் வேகமாக வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்கள் ஆட்களிடம் எவ்வளவு ஒற்றுமை! பதினாறு தாள் வந்தது. பதினைந்தில் கிட்டத்தட்ட ஒரே புத்தகங்கள். எந்த மொழிக்காரர்களும் இப்படி எழுதித் தரவில்லை. அந்த ஜோதிடப் புத்தகத்துக்குப் பதினைந்து பேர்!"

"மற்றவை?"

"நாளைக் காலை வேன் வரும். பழைய காகிதத்துக்குப் போகிறது. ஒருவராவது எழுதிக் கொடுத்த புத்தகம் அலமாரியில் இருக்கும், மற்றவை விலக்கப்படும். தாளின் பின்பக்கத்தில் போட்டிருந்தோமே."

தாளை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. தட்டுச் சீட்டை இரண்டு தரம் பார்க்கிறவள். முன்பக்கத்தைச் சந்தேகப்பட்டதிலேயே எனக்கு நேரம் சரியாகிவிட்டது.

வெளியே வந்து இனியாவுக்குப் போன் செய்தேன். "எங்கிருக்க? நேரா லைப்ரரிக்கு வா. உன் இங்கிலீஷ் வேணும்." பத்து நிமிடத்தில் வந்தாள்.

"இவங்ககிட்ட சொல்லு. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

"என்னது?"

"பிடிக்காத புத்தகமா பார்த்து எழுதினேன். மத்தவங்களையும் எழுத வச்சேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? நீ க்ரூப்ல ஹேப்பி பர்த்டே கூட போட மாட்டியேம்மா."

"மீனாதான் போட்டாங்க. நீ சொல்லு."

அவள் ஹெலனிடம் வேகமாக ஏதோ சொன்னாள். என் காதில் ஒரு வார்த்தை விழுந்தது. குழப்பம் நடந்துவிட்டது என்கிறாள்.

"குழப்பம்னு சொல்லாத. பொய்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா அசிங்கம்மா."

"குழப்பம்னா அவங்க தாள் மேல தப்பு. பொய்னா என் மேல. சொல்லு."

சொன்னாள். ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?" என்று நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

அதற்கு மட்டும் நானே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "நல்லதை எழுதினால் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று நினைத்தேன்."

அவர் கீழே இருந்த பெட்டிகளைப் பார்த்தார். "எடுத்துக்கொண்டுதான் போகிறோம்" என்றார்.

ஆக என் சந்தேகம் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததுதான் தப்பு. இதை அன்றிலிருந்து பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறுதலாக இல்லை.

விதிகளைச் சொன்னார். கணினியில் அந்தப் புத்தகங்களின் பெயர் நீக்கியாகிவிட்டது, இரவல் தர முடியாது. விற்கவும் முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் நேரில் வந்தால், ஐந்து மணிக்கு மூடும் வரை தன் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஒரு புதுப் பச்சைத் தாள் தந்தார். மீனாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. குழுவில் இனியா என் பெயரில் ஒரு செய்தி போட்டாள். வேலையில் இருக்கிறோம் என்று இருவர் பதில் போட்டார்கள். ஒருவர், "இப்ப ராசிபலன் இருக்குல்ல, அது போதும்" என்று சிரிப்புப் படம் அனுப்பினார். அவரை யார் என்று நான் எழுதவில்லை, ஆனால் மறக்கவும் மாட்டேன்.

7

தரையில் உட்கார்ந்தேன். எதிரே இனியாவும் உட்கார்ந்து பெட்டிகளைக் கவிழ்த்தாள்.

"இது வேணுமா? முன்னாடி மரம் போட்டிருக்கு."

"வேண்டாம்."

"இது? ஒரு பொம்பளை கோபமா பார்க்கிறா."

"அது வேணும். வை."

"இதுல ஒரு ரயில். கிழிஞ்சிருக்கு."

"வை, வை."

"அம்மா, எல்லாத்தையும் வை வைன்னா பத்து எப்படி வரும்?"

வீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு செய்த பட்டியல் அங்கே பாதி உதவவில்லை. சீட்டில் எழுதாத புத்தகங்கள், பெட்டியிலிருந்து வெளியே வந்ததும், நானும்தானே என்று கேட்டன. ஒன்றை வைக்க இன்னொன்றைத் திரும்பவும் பெட்டிக்குள் போட வேண்டியிருந்தது. போட்டவற்றை முகம் கீழே இருக்கும்படி போட்டேன்.

அந்த வயிற்றுப்புண் துப்பறிவாளரை மட்டும் எங்கேயும் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அலமாரியிலேயே, வாஸ்துவுக்கும் மணிவிழா மலருக்கும் நடுவில் நிற்கிறார். அவரோடு இன்னும் சில நல்ல புத்தகங்கள். ஐம்பது பேர் சமையலும் அங்கேதான் இருந்தது. பதினாறு தாளில் ஒன்று மட்டும் வேறாக இருந்திருக்கிறது.

அப்போது பவானி அக்கா அங்காடிச் சீருடையோடு உள்ளே வந்தார். குழுவில் செய்தியைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து வந்திருக்கிறார்.

"அக்கா, அது உங்க தாளா?"

"ஓம். என்ர தாள்தான்."

"நான் சொன்னதை நீங்க கேட்கலையா?"

"கேட்டனான். நம்பேல்லை."

"என்னையா?"

"உம்மையும்தான். நல்லதை ஒருத்தரும் எழுதாதேங்கோ எண்டு ஒராள் வந்து சொன்னால், அவ தனக்கு ஏதோ ஒதுக்கி வைக்கப் போறா எண்டுதானே நினைக்க வரும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"அந்தத் துப்பறியும் கதை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஏன், நீர் அதெல்லாம் வாசிக்கிறேல்லையோ?"

"ஏழு தடவை."

"அப்ப நடுவில நடுவில எடுத்துக்கொண்டு போனது நீரே?" என்றார். "நான் போற நேரமெல்லாம் அது இருக்காது. ஆரடா அந்தச் சனியன் எண்டு திட்டினனான்."

இனியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பது எழுதிவிட்டேன். பத்தாவது கோட்டுக்கு உப்பளத்துக் கதையைக் கையில் வைத்திருந்தேன். மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். கடைசிப் பெட்டியின் அடியிலிருந்து இனியா ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள். "இது என்ன, நோட்டா?"

ஓர் அரசு மருத்துவமனைச் செவிலி தன் முதல் மூன்று வருட வேலையைப் பற்றி எழுதியது. இனியா பிறந்த மாதத்தில், ஒரு கையில் அவளை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே, மறு கையால் பிடித்துப் படித்தேன். தடித்த புத்தகம் அப்படிக் கையில் நிற்காது. இது நின்றது. அந்த மாதம் வீட்டில் வேறு தமிழ்க் குரல் இல்லை, ரவிக்கு இரவு வேலை. அந்தச் செவிலி எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைப் பட்டியலில் இது எப்படி விட்டுப்போனது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு புத்தகம் படித்தோம் என்றே நினைவில் இல்லை. அந்த மாதத்தோடேயே அது கலந்துபோயிருந்தது.

ஒரு கையில் உப்பு, ஒரு கையில் செவிலி. இனியாவிடம் எதையும் சொல்லவில்லை.

"எதை விடுறது எண்டு யோசிக்கிறீரோ?" என்றார் பவானி அக்கா.

தலையாட்டினேன்.

"நான் ஒன்பதுதான் எழுதினனான். பத்தாவதுக்கு ஒண்டும் சரியா வரேல்லை, வெறுமையா விட்டிட்டன். இதை என்ர தாளில எழுதுறன். நீர் உப்பை எழுதும்."

அவர் ஒன்பதுதான் எழுதினார் என்பதற்கு என்ன சாட்சி? ஹெலனிடம் தாளைக் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் நின்று எழுதுவதைப் பார்க்கலாம். அதற்குள், எங்களை அழைத்துப்போக வந்த ரவி போன் செய்தார். "வாசல்ல நிக்கிறேன். பார்க்கிங் ஆள் இந்தப் பக்கம்தான் வர்றான். வர்றீங்களா, நான் போயிடட்டுமா?" இனியா காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பத்தாவது கோட்டில் உப்பளத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹெலனிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். செவிலியின் புத்தகத்தைப் பவானி அக்காவின் கையில் வைத்தேன். அவர் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேசைப் பக்கம் நடந்தார். அங்காடிச் சீருடையில் பெரிய பைகள் உண்டு. அந்தப் புத்தகம் அதில் தாராளமாகப் போகும். எழுதாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் யாருக்கும் தெரியாது. கதவு வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்துவிட்டேன்.

வண்டியில் ரவி கேட்டார்: "என்ன, எல்லாம் சரியா போச்சா?"

"பெட்டில இருந்ததுல நான் எழுதின பத்து நிக்கும். மத்ததெல்லாம் போயிடும்."

"எத்தனை?"

"நூத்து முப்பதுக்கு மேல."

நான்தான் எழுதாதே என்று சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டுவார் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போனேன். வேன் வந்துவிட்டுப் போயிருந்தது. தமிழுக்கு ஒரு தட்டும், பொம்மைகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடமும் இருந்தன. நான் எழுதிய பத்தும் இருந்தன. செவிலியின் புத்தகம் இல்லை. ஹெலனிடம் கேட்டேன். கணினியில் பார்த்துவிட்டு, அது இரவலில் போயிருக்கிறது, மூன்று வாரத்தில் திரும்பி வரும் என்றார். யார் எடுத்தது என்று கேட்டேன். அதைச் சொல்ல விதி இல்லை என்றார்.